காறை எலும்பு முறிந்தால் விலாவையும் பாருங்கள்

உதவிக்கு வந்தவனைத் ‘தோள் கொடுத்தான்’ என்று புகழ்கிறோம். அளவின்றிச் சிரித்தால் ‘விலா நோகச் சிரித்தோம்’ என்கிறோம். தோளும் விலாவும் உடலிலும் அண்டை அயலில் இருப்பவையே. ஒன்றுக்கு இடர் வந்தால் மற்றதற்கும் வரக்கூடும். இருந்தும், விபத்துக்குள்ளானவரைச் சூழ்ந்து நிற்கும் நாம் பெரும்பாலும் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறோம். காறை எலும்பும் விலா எலும்புகளும் ஒருங்கே முறிவது பற்றித் தோட்டத் தொழிலாள அன்பர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

காறை என்பது கழுத்தைச் சுற்றி அணியும் ஓர் அணிகலன். அது படியும் இடத்தில் இருப்பதால் இவ்வெலும்பு காறை எலும்பு எனப் பெயர் பெற்றது. கழுத்தின் அடியில் இருபுறமும் விரலால் தடவினால் தோலுக்கு அடியிலேயே இது தென்படும். நெஞ்சின் நடு எலும்பில் ஒரு முனையும், தோளின் மேட்டில் மறுமுனையும் பொருந்தியிருக்கும். வீட்டுக் கூரைக்குக் குறுக்கே முட்டுக் கொடுத்த கழியைப்போல் இது தோளை நெஞ்சிலிருந்து விலக்கி நிறுத்துகிறது. பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டிச் சுமந்த பழைய தொழிலாளர்களுக்கு இதைப்பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. கம்பு அழுத்தித் தோளில் காய்த்துப்போன தழும்பு இன்றும் பல முதியவர்களிடம் உண்டு.

விலா எலும்புகள் பன்னிரண்டு சோடி. பின்னால் முதுகெலும்பில் தொடங்கி, மூங்கில் கூடையின் பிளாச்சுகளைப்போல் வளைந்து முன்னே வருகின்றன. அந்தக் கூடைக்குள்தான் நுரையீரலும் இதயமும் இருக்கின்றன. கீழ்ப்புற விலாக்கள் வலப்பக்கம் ஈரலையும் இடப்பக்கம் மண்ணீரலையும் மறைத்து நிற்கின்றன. மேலே உள்ள முதல் இரண்டு மூன்று விலாக்களுக்கோ காறை எலும்பும் தோள்பட்டை எலும்பும் கவசமாக அமைந்துள்ளன. கவசத்தையும் மீறி உள்ளே இருக்கும் விலா முறிந்ததென்றால், வந்த அடி எத்துணை வலியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

எப்படி நேர்கிறது?

மோட்டார் சைக்கிள் சறுக்கும்போது ஓட்டுநர் பெரும்பாலும் ஒரு தோளின் முனை தரையில் படும்படி விழுகிறார். அடியின் வேகம் தோள் முனையிலிருந்து காறை எலும்பின் வழியே நெஞ்சை நோக்கிப் பாய்கிறது. காறை எலும்பு அதன் நடுப்பகுதியில் ஒடிகிறது. பெரியவர்களுக்கு ஏற்படும் காறை எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை இந்த நடுப்பகுதி முறிவுகளே. வேகம் அத்துடன் தீர்ந்துவிட்டால் நல்லது. தீராவிட்டால் தோள் உள்நோக்கி மடிந்து, அதே பக்கத்து விலாக்களை நசுக்குகிறது. உழுவை வண்டி கவிழ்தல், காற்றில் முறிந்த பால்மரக் கிளை தோள்மேல் விழுதல், லோரியின் பக்கவாட்டில் மோதுதல் ஆகியவற்றிலும் இதுவே நடக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வகைக் காயத்துக்கு முதற்காரணம் சாலைதான். 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறக்குறைய மூவருக்கு இருவர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே தனிப்பாதை 1970-களில் அமைக்கப்பட்டது. 1990-களில் அது நீட்டிக்கப்பட்டபோது, அப்பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததாக ஆய்வாளர் கணித்தனர். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற விதி 1992-இல் வந்தது. தலைக்கவசமோ 1973 முதல் கட்டாயம். இவையெல்லாம் உயிர்காத்த ஏற்பாடுகளே. ஆயினும் தலைக்கவசம் தலையை மட்டுமே காக்கும். அதை அணிந்து தலை தப்பியவரின் நெஞ்சில் என்ன நடந்தது என்று பார்ப்பது நம் கடமையாகவே எஞ்சி நிற்கிறது. தோட்டத்துச் செம்மண் பாதையிலோ தனிப்பாதையும் இல்லை, விளக்கும் இல்லை. விடியுமுன் நெற்றி விளக்குடன் வெட்டுக்குப் போகிறவரும், பால் நிறைந்த கலன்களை இருபுறமும் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குத் திரும்புகிறவரும் அந்தச் சரளைக்கல்லில்தான் வண்டி ஓட்டுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

ஒரு தொழிலாளி விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தோள் தொங்குகிறது. காறை எலும்பு இருந்த இடத்தில் தோலைத் துருத்திக்கொண்டு ஒரு மேடு தெரிகிறது. அவர் நல்ல கையால் அடிபட்ட கையைத் தாங்கிக்கொள்கிறார். பார்ப்பவர் அனைவரும் ‘தோள் எலும்பு போய்விட்டது’ என்று முடிவு செய்துவிடுகின்றனர். அவரே கூட வலியெல்லாம் தோளில்தான் என்கிறார். மூச்சு இழுக்கும்போது விலாவில் சுரீரென்கிறதே என்று கேட்டால், ‘விழுந்தால் வலிக்காதா’ என்பார். மாலைக்குள் கையை ஒரு துண்டில் கட்டிவிட்டு லயத்துக்குத் திரும்பிவிடுகிறார்.

தெரிகின்ற முறிவு பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாதது. தெரியாத விலா முறிவே ஆளை வீழ்த்தக்கூடியது. இதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

நுரையீரல் நெஞ்சறைச் சுவரோடு ஒட்டியபடி விரிந்து சுருங்கும் உறுப்பு. முறிந்த விலாவின் கூர்முனை அதைக் கிழித்தால், மூச்சுக்காற்று நுரையீரலுக்கும் சுவருக்கும் இடையே கசிந்து சேர்கிறது. இடம் பறிபோவதால் நுரையீரல் சுருங்குகிறது. கசிவு உள்ளே வரும் வழி மட்டும் திறந்திருந்து வெளியேற வழியில்லாதபோது, சேர்ந்த காற்று இதயத்தையே மறுபக்கம் தள்ளிவிடும். அந்நிலை ஏற்பட்டால் உயிர் போக மணிக்கணக்கு வேண்டியதில்லை. இரத்தக் குழாய் அறுந்தால் காற்றுக்குப் பதில் இரத்தம் சேரும். சில வேளைகளில் இது ஓரிரு நாள் கழித்தே வெளிப்படுவதும் உண்டு.

அடுத்தடுத்துள்ள மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விலாக்கள் ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் முறிந்தால், கூடையில் ஒரு துண்டு தனியே பிரிந்துவிட்டதற்கு ஒப்பாகும். மூச்சை இழுக்கையில் நெஞ்சு முழுவதும் உயர, அத்துண்டு மட்டும் உள்ளே அமுங்கும். மூச்சை விடுகையில் அது மட்டும் வெளியே புடைக்கும். சட்டையைக் கழற்றி உற்றுப் பார்த்தாலன்றி இது தெரியாது.

இவற்றையெல்லாம்விட அமைதியாக வருவது நுரையீரல் அழற்சி. விலா முறிந்தவர் வலிக்கு அஞ்சி மேலோட்டமாக மூச்சு விடுவார்; இருமலை அடக்குவார். சளி அடியில் தேங்கும். மூன்றாம் நான்காம் நாளில் காய்ச்சல் காணும். முதியோருக்கு இது மிகவும் கொடியது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 65 வயதுக்கு மேற்பட்டோரிடம் செய்யப்பட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, முறிந்த விலா ஒவ்வொன்று கூடும்போதும் இறப்பு அபாயம் 19 விழுக்காடும் நுரையீரல் அழற்சி அபாயம் 27 விழுக்காடும் உயர்வதாகக் காட்டியது. ‘இரண்டே இரண்டு விலாதானே’ என்று பாட்டியையோ தாத்தாவையோ வீட்டில் படுக்க வைப்போர் இக்கணக்கை நினைவிற் கொள்க.

இனிக் காறை எலும்பின் அடியில் இருப்பதையும் சொல்ல வேண்டும். கைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாயும் நரம்புக் கற்றையும் அதன் கீழேதான் முதல் விலாவைக் கடந்து செல்கின்றன. விரல்கள் மரத்துப்போனாலோ, கை சில்லிட்டு வெளுத்தாலோ, மணிக்கட்டில் நாடி மற்றக் கையைவிட மெலிந்து தெரிந்தாலோ அது அவசர நிலை.

விழுந்த இடத்தில் செய்ய வேண்டியவை

அடிபட்டவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவது நம்மிடையே உள்ள வழக்கம். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் முறிந்த காறை எலும்பின் முனைகளை அது உள்ளே குத்தவைக்கும். மற்றொரு மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோவது அதைவிடத் தீங்கானது. பள்ளம் மேடு ஒவ்வொன்றிலும் விலா அசையும். கழுத்திலோ முதுகெலும்பிலோ காயம் இருந்தால் கை கால் செயலிழக்கவும் கூடும்.

எனவே 999 என்ற எண்ணை அழைத்து, தோட்டத்தின் பெயரையும் நிரை எண்ணையும் அருகிலுள்ள பெருஞ்சாலையையும் தெளிவாகச் சொல்லுங்கள். தோட்ட வாசலில் ஒருவரை நிறுத்துங்கள். அம்புலன்ஸ் வண்டி செம்பனைக்கும் பால்மரத்துக்கும் நடுவே வழிதவறிச் சுற்றுவது புதிதன்று. அடிபட்டவர் நினைவோடிருந்து கழுத்திலும் முதுகிலும் வலியில்லை என்றால், அவருக்கு மூச்சு எளிதாக வரும்படி சற்றே சாய்ந்து உட்கார விடலாம். கழுத்து வலி இருந்தால் அசைக்கலாகாது. மூச்சு தடைபட்டாலன்றித் தலைக்கவசத்தைக் கழற்ற முயல வேண்டாம். கையை ஒரு துண்டிலோ கைலித் துணியிலோ தூளிபோல் ஏந்திக் கழுத்தில் கட்டினால் போதும். நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டக்கூடாது. குடிக்கத் தேநீரோ தண்ணீரோ தர வேண்டாம். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

மூச்சுத் திணறல் வரவர அதிகரித்தல், உதடு நீலம் பாரித்தல், கழுத்து நரம்பு புடைத்தல், இருமலில் இரத்தம், கழுத்துத் தோலை அழுத்தினால் அப்பளம் நொறுங்குவதுபோன்ற உணர்ச்சி, இடப்பக்கமோ வலப்பக்கமோ மேல்வயிற்றில் வலி: இவற்றுள் எது தோன்றினாலும் வந்த வண்டிக்காரரிடம் உரத்த குரலில் சொல்லுங்கள். முன்னாளில் பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரியும் டிரெஸ்ஸரும் இருந்தனர். முதலில் அவரே பார்த்து முடிவு செய்வார். இன்று அந்த வசதி பெரும்பாலும் இல்லை. கிள்ளான் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, கோலாலம்பூர் பொது மருத்துவமனை போன்றவற்றின் அவசரப் பிரிவை நாடுவதே வழி.

மருத்துவமனையில்

மருத்துவரிடம் ‘தோள்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எவ்வளவு வேகத்தில் விழுந்தோம், எதன்மேல் விழுந்தோம், மூச்சு இழுக்கையில் எங்கே வலிக்கிறது என்பதைச் சொல்லுங்கள். நெஞ்சுப் படத்தில் காறை எலும்பு முறிவு எளிதில் தெரியும். விலா முறிவுகளிலோ ஏறக்குறைய பாதி சாதாரண எக்ஸ்ரே படத்தில் தப்பிவிடுகின்றன. அவற்றை ஸ்கேன் படமே காட்டும். ஆகவே ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்று அனுப்பப்பட்டவர், மூச்சு முட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ தயங்காமல் திரும்பிச் செல்ல வேண்டும். மருத்துவரைத் தொந்தரவு செய்வதாக எண்ணிக் கூசுவது வேண்டாம்.

நெஞ்சறையில் காற்றோ இரத்தமோ சேர்ந்திருந்தால் விலாக்களுக்கு இடையே ஒரு குழாய் வைத்து, தண்ணீர் உள்ள புட்டியோடு இணைப்பார்கள். காற்று குமிழியிட்டு வெளியேறும். திரும்பி உள்ளே போகாதபடி அந்தத் தண்ணீர் தடுக்கும். பார்க்க வந்த உறவினர் அந்தப் புட்டியைக் கட்டில்மேல் தூக்கி வைப்பது ஆபத்து. அது எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

இரண்டு முறிவும் ஒன்றாக இருக்கும்போதுதான் மருத்துவருக்கே இக்கட்டு. காறை எலும்பு ‘அசையாதே’ என்கிறது. விலாவோ ‘எழுந்து உட்கார், மூச்சை இழு, இருமு, நட’ என்கிறது. ஒருபக்கம் காறையும் மறுபக்கம் விலாவும் முறிந்தவர் எந்தப் பக்கமும் ஒருக்களித்துப் படுக்க முடியாது. ஒரே பக்கம் இரண்டும் முறிந்தால் தோளைத் தாங்கும் முட்டும் போயிற்று, அம்முட்டுக்கு அடியில் இருந்த கூடையும் தளர்ந்தது. அப்போது காறை எலும்பின் முனைகள் மேலும் விலகிச் செல்ல இடமுண்டு. முன்பு காறை எலும்புக்கு முதுகில் எட்டு என்ற எண்போல் துணிக்கட்டு போடுவர். விலாவும் முறிந்தவருக்கு அது நெஞ்சை நெருக்கும். இப்போது பெரும்பாலும் கையைத் தூளியில் ஏந்துவதே வழக்கம். முனைகள் வெகுவாக விலகியிருந்தாலும், தோலைக் குத்தி நின்றாலும், இரத்தக் குழாய் பாதித்தாலும் தகடு வைத்துத் திருகுவார்கள். நெஞ்சுத் துண்டு தனித்து ஆடும் கடும் நிலையில் விலாவுக்கும் தகடு வைப்பதுண்டு.

எஞ்சியவர்க்கெல்லாம் வலிமருந்துதான் தலையாய சிகிச்சை. வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் என்று எண்ணுவோர் நம்மிடையே அதிகம். விலா முறிவில் அவ்வீரம் சளியைத் தேக்கி நோயை வரவழைக்கும். மருந்து தரும் ஓய்வில்தான் ஆழ்ந்து மூச்சுவிட முடியும். நெஞ்சில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும். மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுக்கப்பட்டால், அது குழந்தைக்கு விளையாடத் தந்ததன்று. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சில தடவை இழுக்க வேண்டும். சாய்ந்த நிலையில் உறங்குங்கள். தூளியில் இருக்கும் கையின் விரல்களையும் மணிக்கட்டையும் முதல் நாள் தொட்டே அசையுங்கள். சுருட்டு, சிகரெட் இரண்டுமே எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும், நுரையீரலையும் கெடுக்கும். பத்தியம் என்று முட்டையையும் மீனையும் ஒதுக்குவது எலும்பு கூட உதவாது.

உருவுதலும் கட்டுதலும்

எலும்பு முறிந்தால் சீன வைத்தியரிடமோ மலாய்க்காரப் பெரியவரிடமோ போவது தோட்டத்தில் நெடுங்காலப் பழக்கம். ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டின் புகழ் தமிழர் போன இடமெல்லாம் பரவியிருக்கிறது. முட்டை வெண்கருவும் மாவும் பூசி மூங்கில் தப்பை வைத்துக் கட்டும் முறையைக் கை கால் முறிவுக்குப் பயன்படுத்தியோர் பலர். நாம் அதைப் பழிக்கவில்லை. ஆனால் நெஞ்சுக்கு அது பொருந்தாது. நெஞ்சைச் சுற்றிக் கட்டினால் மூச்சு சுருங்கும். முன்பு மருத்துவமனைகளிலேயே இப்படிக் கட்டினர். பின்னர் தீமை கண்டு விட்டுவிட்டனர்.

பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பார்வையற்றோர் உடம்பு பிடிக்கும் நிலையங்கள் பல உள்ளன. பார்வையற்றோர் சங்கமும் அங்கேதான் அமைந்திருக்கிறது. தசைப்பிடிப்புக்கு அவர்கள் கைத்திறன் பெயர் பெற்றது. விபத்துக்கு மறுநாள் ‘உடம்பு வலி’ என்று மட்டும் சொல்லி அங்கே போய்ப் படுப்பவர், விழுந்ததை மறைத்துத் தமக்குத்தாமே கேடு தேடுகிறார். முறிந்த விலாவை அழுத்தினால் நுரையீரலில் குத்தலாம். படம் எடுத்து முறிவில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு போகலாம்.

கூலி என்னாகும்?

பலர் மருத்துவமனையிலிருந்து அவசரமாகத் திரும்புவதற்குக் காரணம் வலி குறைந்ததன்று; கூலி நின்றுவிடும் என்ற கவலையே. 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1971-இல் தொடங்கிய சொக்சோ நிறுவனம் இதற்காகவே ஏற்பட்டது. வேலையில் நேர்ந்த விபத்து மட்டுமின்றி, வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் நேர்வழியில் சென்றபோது நேர்ந்த விபத்தும் அதில் அடங்கும். விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு இருந்தால், சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு தற்காலிக ஊனத்தொகையாகக் கிடைக்கும். விபத்துச் செய்தி கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அயல்நாட்டுத் தொழிலாளர்களும் 2019 சனவரி முதல் இத்திட்டத்தின் வேலைக்காயப் பாதுகாப்பில் உள்ளனர்.

வழியில் வேறொரு காரியத்துக்காகச் சுற்றிப் போயிருந்தால் கேள்வி எழும் என்பதை அறிக. சாலை விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்து, அதன் பிரதியையும் மருத்துவச் சீட்டுகளையும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சீட்டில் காறை எலும்பு மட்டும் எழுதப்பட்டு விலா விடுபட்டிருந்தால், அப்போதே பணிவுடன் கேட்டுச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஆறு மாதம் கழித்து மூச்சிரைப்பு பற்றி முறையிடுகையில் அந்தச் சீட்டுதான் பேசும்.

விலா முறிவு பெரும்பாலும் ஆறு வாரத்தில் கூடத் தொடங்கும். வலி அதற்குப் பின்னும் சில வாரம் நீடிக்கலாம். காறை எலும்புக்குப் பெரியவர்களிடம் மூன்று மாதம் வரை ஆகும். கூடிய இடத்தில் ஒரு மேடு எஞ்சுவது இயல்பு. அதைத் தேய்த்துக் கரைக்க முயல வேண்டியதில்லை. பால்வெட்டுக்குக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டிய மேல்பட்டை மரங்களும், பால் கலன் தூக்குவதும் கடைசியில் வர வேண்டும். எந்தத் தேதி முதல் எந்த வேலை செய்யலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, அதைத் தண்டலிடமோ கிராணியிடமோ கொடுத்து இலகு வேலை கேளுங்கள். நெடுநாள் பயிற்சி தேவைப்படுவோரைச் சொக்சோ தன் மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது. அதற்கென மலாக்காவில் ஒரு பெரிய மறுவாழ்வு மையமும் இயங்கி வருகிறது. அங்கே அனுப்ப இயலுமா என்பதைக் கிள்ளான் சொக்சோ அலுவலகத்தில் நேரில் விசாரித்துக்கொள்ளலாம்.